பொந்துக்கு நான் காவல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை ஐயா, அடுத்தவர் கையால் போட்ட டீயைக் குடித்து நாலு மாதமாகிறது. மலை மேல் அந்தத் தகரக் குடிசையில் நானே அடுப்பு மூட்டி, நானே குடித்து, நானே டம்ளரைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

நீங்கள் ரேஞ்சராக மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதனால் என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவாச்சிக் கூட்டுக்குக் காவல். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலைச் சேறும் எச்சமும் வைத்துப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே சிறகை உதிர்த்துவிட்டு முட்டை மேல் உட்கார்ந்துவிடும். ஆண் பறவை நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து ஊட்டும். எத்தனை முறை வந்தது என்று நான் நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

என் வீட்டுக்காரி மகனோடு போய் இருந்துவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்துபோய்ப் போன் செய்தால், "சாப்டீங்களா?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆண் வருவதற்கு முன்பே அந்த அலகு வெளியே நீட்டிக் காத்திருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது. பறவையைப் பார்த்து மனுஷனுக்குப் பொறாமையா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இருந்தது.

வேட்டைக்காரர்களிடம் பிடுங்கிய சுருக்குக் கண்ணி ஒன்று என் பெட்டியில் கிடந்தது. ஆண் வழக்கமாக வந்து உட்காரும் கிளையில் அதைக் கட்டினேன். என்னோடு பழகிய பறவை, சந்தேகப்படவில்லை. அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் காட்டு அத்திப்பழத்தோடு கயிற்றேணியில் ஏறினேன். படம் பிடிப்பதற்காக ஆராய்ச்சிக்கார அம்மா கட்டிவைத்த ஏணி. முதல் நாள் பொந்துக்குள் இருந்தவள் வாங்கவில்லை. இரண்டாம் நாள் அலகு வெளியே வந்தது. என் விரலில் படாமல் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஐயா. அன்று நோட்டில் 'பதினோரு முறை வந்தது' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. பதினோரு முறை நான் ஏறி இறங்கினேன், முட்டி கழன்றுபோயிற்று.

சாயங்காலம் வயர்லெஸ்ஸில் நோட்டை வாசிப்பேன். குஞ்சு பொரித்த பிறகு ஒரு நாள் ஆராய்ச்சிக்கார அம்மா பேசினார்.

"பரவால்லயேண்ணே, விடாம ஊட்டுறானே. குஞ்சு கொஞ்சம் தேறட்டும், அவளே செவத்த ஒடச்சிக்கிட்டு வெளிய வந்துருவா."

"வந்து எங்கம்மா போவா?"

"என்னண்ணே கேள்வி இது? காட்டுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

சொன்னதுபோலவே கொத்த ஆரம்பித்தாள். நான் சேறு குழைத்துக்கொண்டு ஏறி, உடைந்த இடத்தைப் பூசினேன். மறுநாளும் உடைத்தாள். இந்த முறை, குடிசைத் தரைக்கு வைத்திருந்த சிமெண்டைக் கலந்து பூசினேன். கீறலை மட்டும் விட்டுவைத்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. வெளியே பருந்து திரிகிறது, மரநாய் திரிகிறது. அரைகுறைச் சிறகை வைத்துக்கொண்டு வந்து என்ன சாதிக்கப்போகிறாள்? நான் என்ன பட்டினியா போட்டேன்?

அதன்பிறகு பழத்தைத் தொடவே இல்லை. கோபம். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், நான் பொறுத்துப்போனேன். நீட்டிய பழமெல்லாம் கீழே விழுந்து எறும்பு மொய்த்தது. குஞ்சின் சத்தம் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. தூங்குகிறது என்று விட்டுவிட்டேன். கொத்துவது மட்டும் நிற்கவில்லை, வேகம்தான் குறைந்துகொண்டே வந்தது.

உடைத்துத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். சுத்தியல் குடிசையில்தான் இருந்தது. நான் மறைக்கவில்லை ஐயா.

ஆறாம் நாள் காலையில் கொத்தும் சத்தமும் இல்லை. அப்பாடா, ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டாள் என்று, அன்றைக்கு நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கினேன்.