இரண்டு உறைகளில் ஒரு கருந்துளை

கண்ணுக்கு எட்டாத கருந்துளையைக் கணக்கால் கட்டி அளந்த பேராசிரியர் தியானோ கப்சாலி அம்மையீரே! சுழலும் இருளைச் சுண்ணாம்புக்கட்டியால் சுற்றி வளைத்தவரே! விடை கிடைத்த வேளையிலும் வியப்பை விடாதவரே! கிரேக்க நாட்டின் யோவானினா ஏரிக்கரையில், எங்கள் இயற்பியல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் உங்களுக்கு எங்கள் அனைவரின் வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பைத் துறைத்தலைவர் ஸ்டமாத்திஸ் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். "நீங்க எழுதினா மடல் வராது, சூத்திரம்தான் வரும்" என்று செயலர் கிரிசூலா கேலி செய்தார். ஒன்பது நாள் எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, பத்தாம் நாள் வெறுந்தாளோடு எங்கள் முன் வந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறோம்.

உங்கள் வாழ்நாள் வேலையைச் சொல்வது எளிது, நம்புவதுதான் கடினம். ஒரு கருந்துளை சுழல்கிறது. அது தன்னுள் எவ்வளவு தகவலை ஒளித்து வைத்திருக்கிறது என்பதை, ஈர்ப்பு விதிகளைக் கொண்டு அதன் பரப்பை அளந்து, ஓர் எண்ணாகச் சொல்லலாம். ஈர்ப்பு என்ற பேச்சே இல்லாத, பரிமாணங்கள் குறைந்த ஒரு குவாண்டம் புலத்தில் அலைகளை எண்ணினாலும் அதே எண் வந்து நிற்கிறது! ஒன்றையொன்று பார்த்தே இராத இரண்டு உலகங்கள் ஒரே பதிலைச் சொல்வதைக் கேட்டு எத்தனை முறை மெய்சிலிர்த்திருக்கிறோம்!

அந்த வியப்பில் கலப்படம் கூடாது என்றுதான் உறை வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். ஈர்ப்புப் பக்கம் உங்களுக்கு, புலப் பக்கம் ஸ்டமாத்திஸுக்கு. தனித்தனி அறை, கணக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. விடைகளை உறையிலிட்டு ஒட்டி கிரிசூலாவின் அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும். விடை முன்கூட்டியே தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும் என்பீர்கள்.

பதிமூன்று ஆண்டுகளுக்கு முன், உச்ச வேகத்தைவிடச் சற்று மெதுவாகச் சுழலும் கருந்துளை ஒன்றை எடுத்துக்கொண்டீர்கள். வியாழன் மதியம், கிரிசூலா சாப்பிடப் போன நேரத்தில், ஸ்டமாத்திஸ் உங்கள் உறையை எடுத்து ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே தெரிந்த எண் அவருடையதைவிடப் பெரிது. தம் கணக்கில் ஒரு மாறிலியை இழுத்து நீட்டிப் பொருத்தி, புதிய உறையிலிட்டு ஒட்டி வைத்துவிட்டார். மறுநாள் அறையே எழுந்து கைதட்டியது. நீங்களோ இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பார்த்தீர்கள். பிறகு ஏரிக்கரைக் கடைக்குப் போய் எல்லோருக்குமாக இரண்டு தட்டு பக்லாவா இனிப்பு வாங்கி வந்தீர்கள். அன்று மாலையே கட்டுரை இதழுக்குப் போனது.

திங்கட்கிழமை காலை உங்கள் தாளில் ஒரு பிழையைக் கண்டீர்கள். ஓரிடத்தில் மூன்றால் வகுக்க மறந்திருந்தீர்கள்! அப்படியானால் உங்கள் எண்ணே தவறு. தவறான எண்ணோடு நேர்மையான கணக்கு எப்படி நான்கு இலக்கம் வரை பொருந்தும்? என்ன நடந்தது என்று அந்த நொடியே உங்களுக்குப் புரிந்திருக்கும்; எங்களுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

துறைத்தலைவர் தேர்தலுக்கு அப்போது பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நாற்காலி உங்களுக்கே என்பது ஊரறிந்த சேதி. எங்களைக் கூட்டி, "தப்பு என்னோடது. கட்டுரைய வாபஸ் வாங்குறேன்" என்று மட்டும் சொன்னீர்கள். "மூணால வகுக்கத் தெரியாதவங்களுக்கு நாற்காலி எதுக்கு?" என்று எங்களில் சிலரே குத்தலாகப் பேசினோம். அதற்காக இன்று வெட்கப்படுகிறோம். தேர்தலில் ஸ்டமாத்திஸ் வென்றார். அவரை வாழ்த்திவிட்டுக் கிளம்பிய நீங்கள், கதவருகில் நின்று, "ஏம்ப்பா ஸ்டமாத்தி, உன் கணக்கையும் ஒரு தடவ மறுபடி போட்டுப் பாரேன்" என்றீர்கள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதம் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். திருத்திய தாளை நீங்கள் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. சுழலும் திசையில் ஓடும் அலைகளை மட்டுமே தாம் எண்ணியிருந்தது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. உச்ச வேகத்தில் எதிர்த்திசை அலைகள் உறங்கிக் கிடக்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் விழித்துக்கொள்ளும். அவற்றையும் சேர்த்து எண்ணினார். உறைகளை மீண்டும் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தோம். கடைசி இலக்கம் வரை ஒரே எண்! கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. "நாம யாருமே பொறக்காத காலத்துலயும் இது இப்படியேதான் சரியா இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். ஸ்டமாத்திஸ் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை நீங்கள் இதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. "நாலு வார்த்த திட்டியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றார் அவர் எங்களிடம். கருந்துளைகூடத் தன் ரகசியத்தை விளிம்பில் எழுதி வைத்துவிடுகிறது என்று காட்டிய அம்மையீரே, உங்கள் முகத்தில் நாங்கள் ஓர் எழுத்தும் படித்ததில்லை!

நடை தளராமல், நினைவு மங்காமல், மூட்டுவலி அண்டாமல் நூறாண்டு வாழுங்கள். தயவுசெய்து அதை மட்டும் மூன்றால் வகுத்துவிடாதீர்கள்!

கீழே பதினாறு பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். துறைத்தலைவருக்கு உரிய முதல் வரி வெறுமையாக இருக்கிறது. "எனக்கு அந்த யோக்கியதை இருக்கான்னு தெரியல. அவங்க போடச் சொன்னா போடறேன்" என்கிறார். அதனால்தான் மடலைச் சட்டமிடாமல் கொண்டுவந்தோம். அவர் முதல் வரிசையில், பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், அம்மையீரே.

உங்கள் பக்கத்து அறைகளிலிருந்து,

..............................
(துறைத்தலைவர்)

கிரிசூலா
மற்றும் இயற்பியல் துறையின் பதினைந்து பேர்