தாணுவின் ட்ரோன் ஏன் எழும்பவில்லை

ட்ரோன் தரையை விட்டு எழும்பவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் சின்னதாகத்தான் இருக்கும், மேடம். உட்காருங்கள். இப்போதுதான் அம்மாவுக்கு மேலெல்லாம் துடைத்துவிட்டு வந்தேன், கை ஈரமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். அதனால் உங்களை எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

என் தம்பி சிவதாணு அந்த ட்ரோனைச் சொந்தமாகச் செய்தான். பகலெல்லாம் சாலைக் கடைத்தெருவில் ஹார்ட்வேர் கடையில் நிற்பான். விடுமுறை கிடைத்தால் இந்த ஆரியசாலை வீட்டு மொட்டை மாடியில் இருப்பான். வயலுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன் கம்பெனி ஒன்று பெங்களூரில் இருக்கிறது. நீ செய்தது பறக்கிற வீடியோவை அனுப்பு, வேலை தருகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அம்மா வாதம் வந்து படுத்துவிட்டவள். பகலில் அவளை நான் பார்த்துக்கொள்வேன், இரவில் தாணு. அவன் போய்விட்டால் இரண்டும் நான்தான். ஹோம் நர்ஸ் வைக்கலாம் என்று அவன் லேசாகச் சொன்னான். அன்னியர் ஊட்டினால் அம்மா வாயே திறக்க மாட்டாள். அது அவனுக்கும் தெரியும். லேப் வேலையை நான் விட்டதே அதனால்தான். அதைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொல்லிக் காட்டியதில்லை.

ட்ரோன் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வயர் பற்றவைப்பது அவன். நான் பிசிக்ஸ் படித்தவள் என்பதால் இறக்கை, பேட்டரி, ரிமோட் மூன்றும் என் பொறுப்பு. நான்கு மோட்டாரில் இரண்டு வலப்பக்கமும் இரண்டு இடப்பக்கமும் சுற்றும். இறக்கையும் அதற்கேற்ப இரண்டு விதம். மாற்றி மாட்டினால் காற்று மேலே போகும், ட்ரோன் தரையை அழுத்திக்கொண்டு நிற்கும். நான் மாற்றி மாட்டினேன்.

அவன் பேட்டரியை மாற்றிப் பார்த்தான். வயரையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தான். மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று நான் சொன்னதும் புது மோட்டார் வரவழைத்தான். "ஒரு பொடி கூட பொங்க மாட்டேங்கு எக்கா," என்று, அது துளிகூட எழும்பாத சலிப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். எனக்குப் பாவமாக இருக்கும். சாயா போட்டுக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனே கண்டுபிடித்துவிட்டான். சுற்றுகிற இறக்கைக்கு மேலே ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினான். அது கீழே இழுபடவில்லை, மேலே பறந்தது. அவன் கோபப்படவில்லை, சிரித்தான்.

"பிசிக்ஸ் படிச்சவளாக்கும். எறக்கைய மாத்தி மாட்டிட்டு எனக்க மோட்டார கொறை சொன்னியே."

கவனிக்கவில்லை என்றேன். நம்பினான்.

இறக்கைகளைக் கழற்றி, சரியான இடங்களில் மாட்டத் தொடங்கினான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கை வைக்கும் முன் அவன் கேட்பான், நான் பேட்டரி பிளக்கை உருவிவிட்டுப் பதில் சொல்வேன். பிளக் என் பக்கம் இருப்பதால் அவன் எட்டிப் பார்ப்பதில்லை.

"எக்கா, கழத்தியாச்சா?"

"ஆச்சு."

கழற்றவில்லை. மூன்று இறக்கைகளை முறுக்கி முடித்து, நான்காவதற்காகக் குறுக்கே கையை நீட்டினான். அது முடிந்தால் ட்ரோன் எழும்பிவிடும். நான் ரிமோட்டில் மோட்டாரை இயக்கும் சுவிட்சைத் தட்டி, வேகக் குச்சியை மேலே தள்ளினேன். கை தவறிப் பட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். தவறிப் பட்டால் இரண்டும் வரிசையாகப் படாது, மேடம். நீங்களே முயன்று பாருங்கள்.

கார்பன் இறக்கை கத்தி மாதிரி. வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இப்போது உள்ளே தூங்குகிறான். இனி பற்றவைப்புக் கோலைப் பிடிக்க முடியாது. ஆனால் கஞ்சி ஊட்ட இடது கை போதும். நேற்று சொல்லிக் கொடுத்தேன். அம்மா வாய் திறந்தாள்.

விரல்கள் எங்கே என்று டாக்டர் கேட்டார். ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒட்டிப் பார்த்திருக்கலாமாம். எனக்குத் தெரியாததல்ல. அவை தண்ணீர்த் தொட்டி ஓரம் கிடந்ததைப் பார்த்தேன், ஃப்ரிட்ஜில் ஐஸும் இருந்தது. ஆனால் தாணு வலியில் துடித்துக்கொண்டிருந்தான், மேடம். அவனைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.