ஒரே இரவுத் தூரம்

விமானத்தில் நான் இதுவரை ஏறியதில்லை, ஐயா. ஆனாலும் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே எண்ணாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல், நேராகப் போனால் பத்து, பதினோரு மணி நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. கப்பலைத் தவறவிட்ட ஆர்டர்களை விமானத்தில் ஏற்றிப் பழகிய கணக்கு அது.

எங்கள் சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி கழுவியவர் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். திங்கட்கிழமைதோறும் அவிநாசி கோயில் பிரசாதத்தில் அவருக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பேன். சின்னச் சின்ன அன்புதான் உலகத்தைத் தாங்குகிறது என்று நம்புகிறவன் நான்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டியில் இறங்கியவரை விஷவாயு தாக்கிவிட்டது. மாரடைப்பு என்று அவர் மனைவி ஒச்சம்மாளிடம் சொன்னேன். உடலைக் குளிப்பாட்டியதும் நானே. எத்தனை வாளி ஊற்றியும் அழுகிய முட்டை நாற்றம் போகவில்லை. நீலம் பாரித்த உதடுகளின்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன்.

மகள் சித்ராதேவி லண்டனில் நர்ஸ். பெற்ற பிள்ளை வந்து முகம் பார்க்காமல் உடலை எடுப்பது அவர்கள் வழக்கமில்லை. அந்த உதட்டை ஒரு நர்ஸ் பார்த்தால் பட்டறைக்குப் பூட்டு விழும். எத்தனையோ குடும்பங்கள் தெருவில் நிற்கும்.

ஒச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாமி, வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்புறவுக நீங்க. எம் மக வந்துசேர எம்புட்டு நேரமாகும்?”

“மூணு நாளாகுமுங்க. அதுவரைக்கும் தாங்காதுங்க.”

நம்பினார். மகளிடம் தொலைபேசியில், எரித்தாயிற்று என்றேன். அப்போது உடல் என் முன்னால்தான் கிடந்தது. மாலையில் எரித்தோம்.

அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. அன்றிரவே விமானம் ஏறியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றாள். சாம்பல் கரைத்த ஈரச்சேலை அம்மா உடம்பில் இன்னும் காயவில்லை. சித்ராதேவி அழவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“உங்க பனியன் பெட்டி ஒரே ராத்திரியில லண்டன் வந்துருது. எங்கய்யா மொகத்தப் பாக்க நான் வர மட்டும் மூணு நாளா?”

உங்களிடம் புகார் கொடுத்தவளும் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பது பாவம். தொட்டியிலிருந்து தூக்கியபோது மூக்கையாவுக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். ஆனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அப்போது பட்டறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளம்பும்வரை அவரைக் கிடங்கில் வைத்துக் கதவைச் சாத்தினேன். தனியே விட்டுவிடவில்லை, ஐயா. தலையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் தேவாரம் பாடினேன். அவர் என் சட்டையைப் பற்றிக் கதவுப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தார். இன்னொரு பதிகம் கேட்கிறார் என்று பாடினேன்.