எண்பது முப்பதானபோது

– ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி உட்காருங்க.

– யாரும் பார்க்கலை கண்ணா. எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருக்காங்க. அம்மான்னே கூப்பிடு.

– ஐயோ, சும்மா இரும்மா! வகுப்புல நீ யாரோ, நான் யாரோ. சேர்றப்பவே பேசினதுதானே?

– பேசினதுதான். பெத்த பிள்ளை வாயால ஆன்ட்டின்னு கேட்கணும்னு என் தலையில எழுதியிருக்கு.

– எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க? அம்மாவும் மகனும் ஒரே முதல் வருஷம்னு தெரிஞ்சா, எனக்குப் பட்டப்பேர் வச்சே கொன்னுடுவானுங்க.

– சரி, விடு. சார் நம்ம வரிசைக்கு வந்துட்டாரு.

– முடிச்சிட்டியா இல்லையா?

– இப்பத்தான் கையெடுத்தேன். நீ எப்பவோ முடிச்சிட்டுக் காலாட்டிக்கிட்டு இருக்கே.

– வரையச் சொன்னது ஒரு தகடு, நடுவுல ஒரு ஓட்டை. இதுக்குப் போய் ஒவ்வொரு கோட்டுக்கும் கணக்குச் சொல்லிக்கிட்டு இருந்தே. கண்ணால பார்த்து இழுத்து விட வேண்டியதுதானே?

– எனக்கு அந்தத் தைரியம் இல்லைடா. இந்த டெஸ்ட்ல போச்சுன்னா படிக்கறதுக்கு ஆபீஸ்ல குடுத்த லீவும் போச்சு. மறுபடி அதே நாற்காலி, அதே தபால் மூட்டை. உன்னை வயித்துல சுமந்துக்கிட்டு விட்ட படிப்பு. இன்னொரு தடவை எனக்கு யாரு குடுப்பா?

– பயப்படாதே. படம் அழகாத்தான் இருக்கு.

– அழகுக்கா மார்க் போடறாரு? அவரு ஒரு அளவை மாத்துவாராம், படம் குலையாம நிக்கணுமாம். அங்க பாரு, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு அழுதுக்கிட்டு நிக்குது.

– என்ன அங்க குசுகுசுன்னு? தம்பி, உன்னோடதைக் காட்டு.

– ரெடி சார்.

– தகட்டோட நீளம் எண்பது. அதை முப்பது ஆக்கறேன். பார்க்கலாமா?

– ஐயோ... சார், ஓட்டை எங்க போச்சு?

– நீ அதை எதோட கட்டி வச்சே?

– ஓரத்துலேர்ந்து நாப்பதுன்னு வச்சேன்.

– தகடே இப்ப முப்பதுதானேப்பா? ஓட்டை வெளிய அந்தரத்துல நிக்குது. கீழ்க்கோடு சுருங்கிடுச்சு, மேல்கோடு எனக்கென்னன்னு அப்படியே இருக்கு. கண்ணால பார்த்து இழுத்தியா?

– ஆமா சார்.

– தெரியுதே. அடுத்த வாரம் மறுபடி வா. மேடம், உங்களுது?

– இதோ சார். நீங்களே மாத்திப் பாருங்க.

– முப்பது... நிக்குது. இருநூறு... நிக்குது. அகலத்தையும் மாத்தறேன்... அட! ஓட்டை நடுவை விட்டு நகரவே இல்லையே!

– எதிரெதிர் பக்கம் ரெண்டும் சமம்னு சொல்லி வச்சேன் சார். மூலைக்கு மூலை குறுக்கக் கோடு இழுத்து, அது ரெண்டும் வெட்டிக்கிற இடத்துல ஓட்டையை உட்கார வச்சேன். தகடு வளர்ந்தாலும் சுருங்கினாலும் அது நடுவுலதானே இருந்தாகணும்?

– காலையிலேர்ந்து ஒருத்தரோடதும் நிக்கலை. ஆனா ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க மேடம். மவுஸ் பிடிக்கவே போன மாசம்தான் பழகினீங்க. பக்கத்துல எப்பவும் இந்தத் தம்பி. இவன் போட்டுக் குடுத்ததா? அப்படின்னா மார்க் கிடையாது.

– இல்லை சார்... நான்தான்... சத்தியமா...

– சார், என்னோடது குலைஞ்சதை இப்பத்தானே பார்த்தீங்க? எனக்கே தெரியாததை நான் எப்படிப் போட்டுக் குடுப்பேன்?

– அதுவும் சரிதான். அதுக்கு நீ ஏன் இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு வர்றே?

– சமையல் மேடையில தாளை விரிச்சு, வரைஞ்சு வரைஞ்சு அழிச்சாங்க சார். நான் மொபைல்ல கேம் ஆடிக்கிட்டே பார்த்தேன். குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கும், அவங்க காதுல விழாது.

– தம்பி, போதும். ஆன்ட்டி பார்த்துக்கறேன், நீ உட்காரு.

– இருங்க மேடம். இவங்க வீட்டுச் சமையல்கட்டுல உனக்கு என்னப்பா வேலை?

– எல்லாரும் கேட்டுக்கங்கடா! கிண்டல் பண்றவன் பண்ணிக்கட்டும். இவங்க ஒண்ணும் ஆன்ட்டி இல்லை, எங்கம்மா!