மிதிக்க ஒரு ஆள்

பழைய கார் வாங்கப் போகிறவன் முதலில் எஞ்சினைப் பார்க்கக் கூடாது, மச்சான். குனிந்து அடித்தட்டைப் பார்க்க வேண்டும். நம்முடைய வாவிக் காற்று இரும்பைத் தின்னும் காற்று. மேலே பெயின்ற் பளபளக்கும், காலடி விரிப்பைத் தூக்கினால் ரோட்டுத் தெரியும். அதனால் நான் எங்கே கார் பார்க்கப் போனாலும் சட்டைப்பையில் ஒரு குத்தூசி இருக்கும், துருக் கறள் பிடித்த தட்டில் அது சுலபமாக ஏறும்.

நீங்கள் வந்ததும் வராததுமாக முற்றத்தில் நின்று, "என்ன மச்சான் செஞ்சி வச்சிரிக்கிங்க?" என்று கேட்டீர்கள். கேட்க வேண்டியவர்தான். உங்கள் தங்கை இலட்சுமிப்பிள்ளை இருந்தால் அவள் கேட்டிருப்பாள். அவள் இல்லாத வீட்டில் அவளுடைய அண்ணன், என் மகள் கம்சாயினியின் தாய்மாமன் கேட்கிறீர்கள். ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த மர வாங்கில் உட்காருங்கள், எண்ணெய் இல்லாத பக்கமாக.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்பானர் பிடித்தது வயிற்றுப்பாட்டுக்காக அல்ல. சிலர் குடிக்கிறார்கள், சிலர் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை பிடிக்கிறார்கள். நான் ஒரு காரை ஓட வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுகிறேன். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அடுத்த காரைத் தெரிவுசெய்வதுகூடக் கஷ்டமில்லை. தேடினால் கிடைக்கும். அதை வைத்து வேலை செய்ய இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இந்தப் பக்கத்து ஆம்பிளைக்கு ஏது வீடு? பிறந்தது தாயின் வீடு, அது அக்காவுக்குச் சீதனமாகப் போயிற்று. வாழ்ந்தது மனைவியின் வீடு, அது மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை வந்து அதில் குடியேறுவான். இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது இந்தத் தகரக் கொட்டில் மட்டும். அதுவும் நிற்பது உங்கள் தங்கையின் வளவில்.

கம்சாயினிக்கு வந்தாறுமூலையிலிருந்து முதல் சம்பந்தம் வந்தபோது இங்கே ஒரு மொறிஸ் மைனர் கார் எஞ்சின் கழற்றிய நிலையில் கிடந்தது. மாப்பிள்ளைக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை. நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் தகப்பன் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தத் தகரத்தக் கழட்டினா நல்ல அறையொண்டு எடுக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். நானும் கெட்ட எண்ணத்தில் பதில் சொல்லவில்லை. கேற்றடி வரைக்கும் கூடப் போய், "ஒண்டையும் மறைக்கப்படாது பாருங்க. புள்ளைக்கு இடைக்கிடை வலிப்பு வாற" என்றேன்.

அவர்கள் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கார் விற்கிறவர்களிடம் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். உண்மையாக வாங்க வந்தவன் கொஞ்சம் கறளைக் கண்டு ஓடமாட்டான். ஓடுகிறவன் சும்மா பார்க்க வந்தவன். அப்படிப்பட்டவனிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அவள் காலமெல்லாம் கண்ணீர் விடுவதைவிட, ஆரம்பத்திலேயே ஒரு சின்னச் சோதனை வைப்பது தகப்பனின் கடமை இல்லையா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். நான் சொன்னது ஒரே ஒரு பொய்.

அடுத்ததாக ஒரு ஒஸ்ரின் காரில் வேலை நடந்தபோது கல்முனைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவர்களுக்கும் அதே சோதனைதான், ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. வருஷக்கணக்காக ஒருவரும் கேற்றைத் தட்டவில்லை. ஒஸ்ரினை மிக அமைதியாகச் செய்து முடித்தேன். இந்தப் பகுதியில் அப்படி ஒரு ஒஸ்ரின் இல்லை.

கம்சாயினி வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். அந்த ஒஸ்ரினில்தான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்தேன். ஒரு நாள் வழியில், "அப்பா, என்னில என்ன குறை?" என்று கேட்டாள். "ஒரு குறையும் இல்ல மகள்" என்றேன். சத்தியமான வார்த்தை. அவளிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அவளும் என்னோடு ஒட்டாகத்தான் இருந்தாள். எனக்கு டோர்ச் பிடிப்பாள். பிறேக் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஒருவர் மேலே இருந்து பிறேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்திருந்து குழாய் முனைப் பூட்டைத் திறந்து காற்றை வெளியே விட்டுத் திரும்ப இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன்னர் மேலே உள்ளவர் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கம்சாயினி ஒருநாளும் அவசரப்பட்டுக் காலை எடுத்ததில்லை. அப்படி ஒரு பொறுமை அந்தப் பிள்ளைக்கு.

ஒஸ்ரின் முடிந்ததும் அடுத்ததைத் தேடிக் குருக்கள்மடத்துக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டின் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவில் ஒரு ஹில்மன் நின்றது. கடலும் பக்கத்தில், வாவியும் பக்கத்தில். ஆனாலும் அடித்தட்டில் குத்தூசி ஏறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலட்சுமிப்பிள்ளையின் செத்தவீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கலங்கியது.

அந்த வீட்டுப் பையன் நிலோஜன். மின்சார வேலை செய்கிறவன். "செத்துப்போன அப்பாட கார் மாமா. ஓட வச்சீங்கண்டா போதும், காசு ஒண்டும் வேணாம்" என்றான். அத்தோடு நின்றிருந்தால் நல்ல பையன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சனி ஞாயிறுகளில் உதவிக்கு வரத் தொடங்கினான். கம்சாயினி தேத்தண்ணி கொண்டு வருவாள். வரவர அந்தத் தேத்தண்ணி குடித்து முடிய நெடுநேரம் எடுத்தது. பிறகு அவள் அடுப்படியில் பாடத் தொடங்கினாள். அவள் பாடக்கூடியவள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நிலோஜன் என்னைக் கேட்காமல் என் ஸ்பானர்களை அளவு வாரியாக ஆணியில் மாட்டினான். "மறுகா இந்தக் கொட்டிலப் பெருப்பிச்சு ரெண்டு பேருமாச் சேந்து செய்வம் மாமா" என்றான். அந்த ரெண்டு பேரும் என்ற சொல்லுக்காக அன்றிரவே ஸ்பானர்களை ஆணியிலிருந்து கழற்றிப் பழையபடி பெட்டியில் போட்டேன்.

குருக்கள்மடத்துக்குப் போய் அவனுடைய தாயிடம் வழக்கமான சோதனையை வைத்தேன். அந்த மனுசி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஊர் கதைச்சத நாங்களும் கேள்விப்பட்டதான். வருத்தம் எண்டா மருந்து இரிக்கிதானே. என்ட மகன் ஓமெண்டுட்டான்" என்றாள். இப்படி வாங்குகிறவர்களை நான் என் அனுபவத்தில் கண்டதில்லை. கல்யாணத்துக்குத் தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு மத்தியானம் நான் இந்த ஹில்மனுக்குக் கீழே படுத்திருந்தேன். மேலே சீற்றில் கம்சாயினி, கார்க் கதவு திறந்தபடி. அப்போது நிலோஜனின் தாய் வந்தாள். எனக்குத் தெரிந்தது அவளுடைய பாதங்கள் மட்டும்தான். நான் "பிடி" என்றேன். கம்சாயினி மிதித்துப் பிடித்தாள். நான் பூட்டைத் திறந்தேன்.

"என்ன மனே, மெலிஞ்சி போனாய். மருந்த ஒழுங்காக் குடிக்கியா?"

"என்ன மருந்து மாமி?"

"வலிப்புக்குத்தான் மனே. அப்பாதானே வந்து சொன்ன."

நான் பூட்டைப் பிடித்தபடி கிடந்தேன், கையில் வேலை இருந்தது. பிறகு கம்சாயினியின் கால் நிலத்தில் இறங்கியது. நான் இன்னும் பூட்டை இறுக்கவில்லை மச்சான். அவ்வளவு நேரமும் எடுத்த காற்று முழுவதும் திரும்ப உள்ளே போய்விட்டது.

இங்கிருந்து நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "வீட்ட அப்பாவே வச்சிக்கட்டும், நான் குருக்கள்மடத்தில போய் இரிக்கன்" என்று சொல்கிறாளாம். சீதன வீடு இருக்க ஒரு பெண் மாப்பிள்ளை வீட்டில் போய் இருந்தால் சனம் நாலு விதமாகக் கதைக்கும். ஊர் வாயில் விழுந்தால் ஒரு பெண்ணின் கதி என்ன என்பதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கம்சாயினிக்கு வலிப்பு இல்லை. சின்ன வயதில் காய்ச்சலுக்குக்கூட வந்ததில்லை. இரண்டு சம்பந்தங்களையும் கலைத்தவன் நான்தான், மூன்றாவதையும் கலைக்கப் பார்த்தவன் நான்தான். கல்யாணமில்லாமல் அவளுக்கு வயது முப்பத்துநாலு ஆனதும் என்னால்தான். ஆனால் பாருங்கள், கடைசியில் உண்மையாக வாங்க வந்தவன்தானே அவளுக்குக் கிடைத்திருக்கிறான். சோதனை வேலை செய்திருக்கிறது. அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஏன் எழும்புகிறீர்கள்? வந்ததற்கு ஒரு சின்ன உதவி. ஹில்மனின் பிறேக் நிலம் வரைக்கும் போகிறது, மிதிக்க ஆள் இல்லை. உடுத்திருக்கிற சாரத்தில் எண்ணெய் படாது, ஏறி இருங்கள். நான் கீழே போகிறேன். பிடி என்றதும் மிதித்துப் பிடியுங்கள். நான் விடச் சொல்லும்வரை காலை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.