மலைக்கா தெரியப்போகுது?

மாலை நாலு பத்துக்கு, குமுளி மலைப்பாதையில் இறங்கி வந்த மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் பாறையில் உரசி, நாங்கள் உட்கார்ந்து மலையேறிக்கொண்டிருந்த பேருந்துக்கு ஒரு முழம் முன்னால் குறுக்கே நின்றது. பள்ளிச் சீருடையில் ஜன்னலோரம் இருந்த மகளின் கையை நான் விடவேயில்லை. லாரியில் கூடவே வந்த அதன் முதலாளியும் ஓட்டுநரும் கீழே இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கால வச்சு அமுக்குனா நிக்கணும், அம்புட்டுத்தான். எந்த வண்டிச் சாமான்னு மலைக்கா தெரியப்போகுது?” என்றார் முதலாளி.

“மலைக்குத் தெரிஞ்சிருச்சு முதலாளி, உங்களுக்குத்தான் தெரியல. அது சின்ன லாரியில கழட்டுன பிரேக் சேம்பரு, இதுல மாட்டாதீகன்னு அன்னைக்கே சொன்னேன்ல?”

“மெக்கானிக்கு சேரும்னு சொன்னாகல்ல?”

“அவுக பட்டறையில நின்னு சொன்னாக. நான் கொண்டை ஊசி வளைவுல நிக்கிறேன்.”

“சரிப்பா, மெக்கானிக்கு வேற சாமான் கொண்டு வர்றாக. மாட்டிட்டு மெல்ல எறக்கு.”

“இந்த வண்டிக்குன்னு உள்ள சாமான் வந்தாத்தான் ஏறுவேன். எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்குதுக.”



முக்கால் மணி நேரம் கழித்து மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். சாக்கைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

“இந்த வண்டிக்குன்னு உள்ளது கம்பத்துல எங்கயும் கிடைக்கல முதலாளி. பட்டறையில நின்ன ஸ்கூல் பஸ்ஸுல இருந்து ஒண்ணக் கழட்டிட்டு வந்துட்டேன். காலையில பிள்ளைக ஏறுறதுக்குள்ள அதுக்கு வேற ஏதாச்சும் மாட்டிக்கிறலாம்.”