சாப்பாட்டு மேசை

நான்கு வாத்தியங்கள் ஒன்றாகச் சுருதி சேர்வதைக் கேட்க எனக்கு எப்போதும் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் சேர். என் மனைவி ஜெசிந்தா, வயலினைவிடச் சற்றுப் பெரிய அந்த வியோலாவைத் தூக்கிக்கொண்டு எங்கே வாசிக்கப் போனாலும் நான்தான் வான் ஓட்டிக் கூட்டிப்போவேன். வேறு யாரோடும் அனுப்பியதில்லை.

அன்று கற்பிட்டி ஹோட்டலில், அவளே எழுதிய புதிய இசை. இரண்டு வயலின், அவளது வியோலா, காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செலோ ஒன்று. பெயர் 'சாப்பாட்டு மேசை'. மெட்டென்று எதுவும் இல்லை. வயலின்காரர்கள் வில்லின் கட்டையால் தந்தியைத் தட்ட, பீங்கான்கள் இடிபடுவது போலச் சத்தம் வந்தது. செலோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டது. வியோலா ஒரே சுரத்தில் பதில் சொன்னது. செலோ மறுபடி கேட்டது. மறுபடியும். பதில் குறுகிக் குறுகி, கடைசியில் வில் உரசும் மூச்சு மட்டும் மிஞ்சியது. சிலர் சிரித்தார்கள். என் பக்கத்திலிருந்த பெண் கண்ணைத் துடைத்தாள்.

முடிந்ததும் செலோ வாசித்த நிலுக்சன் சந்தோஷமாக ஓடிவந்தான்.

"அண்ணன், நீங்க வீட்டில கதைக்கிறத அக்கா போன்ல பதிஞ்சு தந்தவ. அதக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினன். சரியா வந்திச்சா?"

"ஓம் தம்பி, அப்படியே இருந்திச்சு," என்றேன்.

எங்கே போனாய், யாரோடு நின்றாய், ஏன் பிந்தியது. சாப்பாட்டு மேசையில் ஒரு கணவன் கேட்கக்கூடாத கேள்விகளா இவை? அதைத்தான் ஊருக்கு முன்னால் வாசிக்க வைத்தாள். கோபம் வந்தது. சனம் கலையும்வரை கதிரையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே நல்ல காற்று. ஜெசிந்தா வாத்தியத்தை வானுக்குள் வைத்துவிட்டு, இடது கையைக் கதவு நிலையில் ஊன்றியபடி, புறப்படுகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு நின்றாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

தவறுதலாகப் பட்டுவிட்டது என்று நிலுக்சன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் அவன் பிறகுதான் ஓடிவந்தான். விரல்களைப் பார்த்துத்தான் இழுத்தேன். உடனே திறக்கவும் இல்லை.

"எப்ப இருந்து பதியிற?" என்று கேட்டேன். கத்தினாளே தவிரப் பதில் சொல்லவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். சொன்னதும் திறந்துவிட்டேன்.

மூன்று விரல்கள் இனி மடங்காதாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரி வார்ட்டில் சொல்லியிருக்கிறாள். வலியில் சொல்லியிருப்பாள். வீட்டுக்கு வரட்டும், ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஆறுதலாகக் கேட்கிறேன்.